முதல் ஞாயிறு மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

பர்மாவிலுள்ள மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். வயது 46. பதினோரு வருடம் எங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன். வியாபாரம் படுத்த பிறகு குடிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. ஒரு சமயம் பிள்ளைகளின் காணிக்கைப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன். மூன்று மாதத்தில் திருப்பி வைத்தேன். அதுவும் யாருக்கும் தெரியாது. போன வருடம் உடம்பு சரியில்லை என்று போதகரிடம் சொல்லி வகுப்பை விட்டேன். முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து என்பதால் அன்று மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். ‘அபாத்திரமாய்’ என்ற வசனம் பயமுறுத்துகிறது. குடியைக் குறைத்திருக்கிறேன், விடவில்லை. என்னைப் போன்றவனுக்கு விசுவாசத்தில் இன்னும் இடம் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரருக்கு,

மோல்மீன் என்றதும் பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். 1826-இல் ஆம்ஹெர்ஸ்ட்டில் மனைவியைப் பறிகொடுத்தார். ஆறு மாதத்தில் குழந்தையும் போனது. அப்புறம் உங்கள் ஊர்க் காட்டில் குடிசை போட்டு, தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் காணவில்லை என்று எழுதினார். அதே மனிதர்தான் 1834 ஜனவரியில் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஜட்சனுடையது துக்கம். நீங்கள் எழுதியிருப்பது வேறு. தவறு செய்தவரிடம் போய் ‘பெரியவர்களும் கஷ்டப்பட்டார்கள்’ என்று சொல்வது முதுகில் தட்டிக்கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விடுவது மாதிரி.

உங்களைப் பயமுறுத்தும் வசனத்துக்கே வருகிறேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஒன்று கொரிந்தியர், 11-ஆம் அதிகாரம். 27-ஆம் வசனத்தில் ‘அபாத்திரமாய்’, அதாவது தகாத விதமாய், புசிப்பவன் குற்றவாளி என்று வருகிறது. நம் சபைகளில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.’ சோதித்தறிந்து வீட்டிலேயே இருக்கக்கடவன் என்று எழுதியிருக்கவில்லை. பவுல் கோபப்பட்டது யார்மேல் என்று 21-ஆம் வசனம் சொல்கிறது. அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். பக்கத்தில் பசித்திருப்பவனைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட்ட விதம்தான் அங்கே அபாத்திரம். ‘அபாத்திரமாய்’ என்பது சாப்பிடும் முறையைச் சொல்லும் சொல். பந்திக்குத் தகுதியான ஆள் யார் என்று கணக்கெடுத்தால் என் சபையில் அப்பம் பிட்கவே ஆள் கிடைக்காது.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே ரங்கூனில் அப்பா விட்டுப்போன வீட்டு வாடகையைப் பங்கிடுவதில் தகராறு வந்து, நானும் அண்ணனும் இரண்டு வருடம் பேசவில்லை. ஒரே சபை, நான்கு வரிசைதான் இடைவெளி. மாதம் தவறாமல் இரண்டு பேரும் பந்தியில் கை நீட்டினோம். நீங்கள் சோதித்தறிந்து விலகி நின்றீர்கள், நான் சோதிக்காமலே புசித்தேன். எனக்கு டெங்கு வந்தபோது அண்ணன்தான் கஞ்சித் தூக்கோடு வந்தார். இப்போது பேசுகிறோம். வாடகையைப் பற்றி மட்டும் இன்னும் பேசவில்லை.

கோ தா பியூவைப் பற்றி உங்கள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பர்மாவின் கரேன் இன மக்களில் முதல் விசுவாசி, 1828 மே 16 அன்று தெற்கே தாவாய் ஊரில் ஞானஸ்நானம். பிள்ளைகளிடம் நாம் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம். முன்பாதியில் அவர் கொள்ளைக்காரர். முப்பது பேர்வரை கொலை செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடனுக்கு அடிமையாகக் கிடந்தவரை விலை கொடுத்து மீட்டார்கள். எனக்குப் பிடித்த இடம் இதற்கும் பிறகுதான் வருகிறது. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அந்த முரட்டுக் கோபம் அவரை முழுதாக விட்டுப் போகவில்லை. அவரோடு பழகி, அவர் வாழ்க்கையை எழுதிய மிஷனரி இதை மறைக்கவில்லை. கோபத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் கரேன் கிராமங்களில் நடந்து பிரசங்கித்தார், 1840-இல் இறந்தார். கோபம் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் அவர் தாவாயைத் தாண்டியிருக்கவே மாட்டார்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: இடம் இருக்கிறது. ஆனால் காணிக்கைக் கணக்கை அப்படியே விட முடியாது. திருப்பி வைத்தது நல்லது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று வரி வசூலித்த சகேயு இயேசுவிடம் சொன்னது ஊரார் முறுமுறுத்துக்கொண்டு நிற்கும்போது. உங்கள் சபை முழுவதும் கேட்கவேண்டியதில்லை. போதகரிடமும் பொருளாளரிடமும் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அரைகுறையாகச் சொன்னால் மறுபடி இன்னொரு கதை கட்டவேண்டி வரும். முதலில் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

குடி விஷயத்தில் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். நம் ஆட்கள் உபவாசக் கூட்டத்தில் ஒரே நாளில் விட்டுவிடச் சொல்வார்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புவரை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

வகுப்புக்கு இப்போதே திரும்ப வேண்டாம். மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போய், பம்பிலியாவில் பாதியிலே விட்டுவிட்டுப் போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்க்கக் கூடாது என்று பவுல் பிடிவாதம் பிடித்து, அந்தச் சண்டையில் பர்னபாவையே பிரிந்தார். பல வருடம் கழித்து அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.’ இடைப்பட்ட வருடங்களில் மாற்கு எப்படித் தேறினார் என்று வேதம் விவரிக்கவில்லை. உங்களுக்கும் அந்த வருடங்கள் தேவைப்படலாம். அதுவரை பிள்ளைகளுக்கு நாற்காலி எடுத்துப் போடுங்கள்.

போதகரைப் பார்த்த பிறகு எழுதுங்கள். நானும் அண்ணனிடம் வாடகைப் பேச்சை எடுத்தேனா இல்லையா என்று அப்போது சொல்கிறேன்.