விசிட்டில் வந்த ஏர்வாடித் தம்பிக்கு

ஸலாம் தம்பி.

"காக்கா, ராமநாதபுரத்தில் மூன்று வருஷம் நிருபராக எழுதினேன். விசிட் விசாவில் துபாய் வந்து, தேராவில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து பெட் ஸ்பேஸில் இருக்கிறேன். இருபது நாளில் எழுபது கம்பெனிக்கு சிவி அனுப்பியும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. மச்சான் தன் கடையில் கேஷில் உட்காரச் சொல்கிறார், உட்கார்ந்துவிடவா?" என்று கேட்டிருந்தாய்.

உட்காராதே. கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. விசிட் விசாவில் வேலை பார்த்துப் பிடிபட்டால் உனக்கும் வினை, மச்சானுக்கும் வினை.

சிவியைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் 'ஜர்னலிஸ்ட்' என்று போட்டிருக்கிறாய். அந்தப் பெயரில் ஆள் எடுக்கிற பத்திரிகைகள் துபாயில் கொஞ்சம்தான். எழுத்து வேலை வேறு பெயர்களில் கிடக்கிறது. கட்டட கான்ட்ராக்ட் கம்பெனிகளில் டெண்டருக்கு எழுதுபவர் ப்ரொபோசல் ரைட்டர். மெஷினுக்கு மேனுவல் எழுதினால் டெக்னிக்கல் ரைட்டர். இந்தப் பெயர்களைப் போட்டுத் தேடு.

நானே அப்படி ஒரு பக்கவாசல் வழியாக நுழைந்தவன்தான். ஒரு கம்பெனியில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தேன். இங்கே கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அதைத் தமிழில் நோட்டீஸ் எழுதச் சொன்னார்கள். கீழக்கரையில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை அல்லவா? 'நேரடிச் சூரிய ஒளியின் கீழ்ப் பணிபுரிதல் தடைசெய்யப்பட்டுள்ளது' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிரப்பினேன். கம்பி கட்டும் பெரியபட்டினத்து அண்ணன் ஒருவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்: "சரி தம்பி, எத்தனை மணிக்கு இறங்கணும்?"

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். '12.30க்கு இறங்கிவிடுங்கள். 3 மணிக்கு ஏறினால் போதும்.' அப்புறம் சேஃப்டி நோட்டீஸ் எல்லாம் என்னிடமே வந்தது. அடுத்த வருஷம் விசிட்டிங் கார்டில் பதவியும் மாறியது.

டெஸ்ட் கேட்டால் ஒன்று எழுதிக் கொடு, போதும். ஒரு விளம்பரக் கம்பெனி ட்ரயல் என்று சொல்லி என்னிடம் பன்னிரண்டு கட்டுரை வாங்கியது. அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. விசாவுக்குப் பணம் கட்டு என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்தச் செலவு கம்பெனியுடையது, சட்டமே அப்படித்தான். ப்ரொபேஷனும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. டிகிரி சர்டிபிகேட்டை ஊரிலேயே விட்டு வந்தேன் என்கிறாயே! டிகிரி கேட்கிற வேலைக்கு வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை வாங்கியாக வேண்டும். வாப்பாவிடம் சொல்லி இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்.

நீ அனுப்பிய பேப்பர் கட்டிங்கில், பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது நல்ல கட்டுரை. பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடம். அதற்கு முன்னால் கடலன்னை, அலைமகள் என்று ஒரு பத்தி வருகிறதே, அதை வெட்டு. துணி சுற்றுவதிலிருந்து தொடங்கி, எப்படி முங்குகிறார்கள், பாசியை எப்படிக் காயவைக்கிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுது. மேனுவல் எழுத ஆள் தேடுகிற மேனேஜருக்கு உன் டிகிரியைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்கு அப்புறம் ரூமுக்கு வா. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா, போனில் காட்டாதே. எனக்குப் பேனாவால் அடித்தால்தான் திருத்த வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் அல்வா மிச்சமிருந்தால் அதையும் எடுத்துக்கொள்.