மான்செஸ்டர் குளிரில் டிரையர் இல்லாமல் துணி காயுமா?

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்க வந்த தம்பி கேட்டிருக்கிறார்: வந்த புதிதில் வெளியே ஒரே நாளில் காய்ந்த துணி, இப்போது நவம்பரில் அறைக்குள் மூன்று நாளாகியும் ஈரமாகவே கிடக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, டிரையர் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம் மக்கா. வாடகை அறையில் அதை வைக்க இடம் எங்கே?

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வருசத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்த்தவர்கள் நாம். அங்கே ஓட்டு இடுக்கு, திறந்த திண்ணை எல்லாம் இருப்பதால் வீட்டுக்குள் கொடி கட்டினாலும் ஈரம் தானாக வெளியேறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் என்றால் சாரம் (லுங்கி) சீக்கிரமே சுக்காகக் காய்ந்துவிடும். இங்கே வீட்டைக் குளிருக்காக அடைத்துக் கட்டியிருக்கிறான். மெஷின் பிழிந்த பிறகும் ஒரு தடவை துவைத்த துணியில் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ரேடியேட்டர்மேல் துணியைப் போட்டால் அந்தத் தண்ணீர் கண்ணாடியிலும் சுவரிலும்தான் போய் உட்காரும். அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிப்பது இப்படித்தான்.

முதலில் நன்றாகப் பிழி. மெஷினில் ஸ்பின் 1400 (நிமிடத்துக்கு 1400 சுற்று) இருந்தால் பருத்தித் துணிக்கு அதையே வை. முடிந்ததும் வெறும் ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை ஓட்டு. அதற்கு ஆகும் கரண்ட் சொற்பம். வாரத்துக்கு ஒருமுறை மலைபோல் துவைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் துவை. ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதே.

அப்புறம் ஜன்னல். மழை நேரத்தில் திறந்தால் ஈரம் உள்ளே வருமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் 5 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 7 கிராம் நீராவிகூடத் தாங்காது. 20 டிகிரிக் காற்று 17 கிராம் தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடேறினால் அது வறண்ட காற்றுதான். அதனால் துணி போட்டிருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலை அவ்வப்போது பத்து நிமிடம் அகலத் திற.

கையில் காசு இருந்தால் டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின், வாங்கு. வீட்டில் நாலு பேர் இருந்தால் பங்கு போடலாம். அது ஓடும்போது ஜன்னலை மூடிவிடு. சிறிய அறை என்றால் ராத்திரி போட்ட துணியில் முக்கால்வாசி காலையில் காய்ந்திருக்கும். சூடேறும் ஸ்டாண்டை மட்டும் வாங்கி ஏமாறாதே. துணி காயும், சுவர் நனையும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டு துவர்த்து (நம்மூர் மெல்லிய துண்டு) கொடுத்துவிடச் சொல். இங்கே விற்கும் தடித்த டவலைக் குளிர்காலத்தில் காயவைப்பது பெரும்பாடு.

மார்ச் பிறந்ததும் வெளிக்கொடிக்குப் போய்விடலாம். வெயிலைவிடக் காற்றைப் பார். 8 டிகிரியானாலும் காற்றடித்தால் காயும். டிசம்பரில் அப்படி ஒரு நாள் வெளியே போட்டால், நாலு மணிக்கே சூரியன் போய்விடும், பனி இறங்குமுன் எடுத்துவிடு. கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் வேலை முடிந்து வந்துகூடத் துவைக்கலாம். தும்மல் தொல்லை இருந்தால் மட்டும், புல் மகரந்தம் பறக்கும் ஜூனில் தலையணை உறையை உள்ளேயே காயப்போடு.