தகுதலும் சரிவருதலும்: 'பிஃபிட்' என்னும் வினை

கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கோப்பாயில் ஆங்கிலம் கற்பிக்கின்றேன். "சனிக்கிழமை எனக்குச் சரிவரும்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது, மாணவி ஒருத்தி அகராதியில் 'பொருந்து' என்பதற்கு நேரே கண்ட 'பிஃபிட்' என்னும் வினையை எடுத்து, "சற்றர்டே பிஃபிட்ஸ் டு மீ" என்று எழுதினாள். பிழை என்று வெட்டினேன். ஏன் பிழை என்று அவள் கேட்டபோது, அப்படி எழுதும் வழக்கமில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலவில்லை. விளக்குவீர்களா?

ஒரு வாசகி

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வாக்கியத்திலுள்ள சிறிய பிழை 'டு'. "எனக்கு" என்னும் நான்காம் வேற்றுமையே அதைக் கொண்டுவந்திருக்கிறது. 'ஃபிட்', 'சூட்', 'பிஃபிட்' ஆகிய மூன்று வினைகளும் செயப்படுபொருளை நேரடியாக ஏற்பவை. "சற்றர்டே சூட்ஸ் மீ" என்றால் போதும்.

பெரிய பிழை பொருளில் இருக்கிறது. அகராதி 'பொருந்து' என்று ஒரே சொல்லில் அடக்குவதை நம் பேச்சு அப்படி அடக்குவதில்லை. சட்டை அளவாயிருக்கிறது என்போம், அது 'ஃபிட்'. நிறம் எடுப்பாயிருக்கிறது, நேரம் சரிவரும் என்போம், இவை 'சூட்'. 'பிஃபிட்' உடலளவையோ வசதியையோ பற்றியதன்று. ஒருவருடைய நிலையோ பெருமையோ, ஓர் இடத்தின் அல்லது நிகழ்வின் தன்மையோ எதை வேண்டி நிற்கிறதோ, அதற்குத் தக்கதாக ஒன்று அமைவதையே அது சுட்டும். ஓய்வுபெறும் அதிபருக்கு நடத்தும் பிரியாவிடை அவருடைய நீண்ட சேவைக்கு 'பிஃபிட்டிங்' ஆகலாம்; அது நடக்கும் சனிக்கிழமை நமக்கு 'சூட்' ஆனாற் போதும். 1959இல் திறக்கப்பட்டு, 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்த நமது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னே, நூலகம் ஒன்றுக்குத் தக்கவாறு, சரஸ்வதி சிலை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுத விரும்புகிறவர், 'தக்கவாறு' என்ற இடத்தில் 'அஸ் பிஃபிட்ஸ்' என்று தயங்காமல் எழுதலாம்.

இந்த வினைக்கு மிக நெருங்கிய தமிழ் வழக்கு 'அழகு' என்பதென்றே நான் கருதுகிறேன். வெற்றிவேற்கையில் "கல்விக் கழகு கசடற மொழிதல்" என்று வருகிறதே, அந்த அழகு கண்ணுக்குரியதன்று, தகுதிக்குரியது. எதிர்மறையில் இந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகும். "இப்படிப் பேசுவது உமக்கு அழகல்ல" என்று நாம் கண்டிக்கும் இடத்தில் ஆங்கிலேயர் 'இல் பிஃபிட்ஸ்' என்பர். மதிப்புள்ள ஒருவரிடம் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும் என்பதும் இரு மொழிகளுக்கும் பொது. (ஆடை அழகையும் நடத்தை அழகையும் ஒருங்கே சொல்ல ஆங்கிலத்தில் 'பிகம்' என்ற வினையும் உண்டு, 'ஆகு' என்ற பொருளை மட்டும் படித்த பிள்ளைகள் அதைக் கண்டு திகைப்பார்கள்.)

'பிஃபிட்' பெரும்பாலும் படர்க்கையிலேயே வரும். 'இஸ் பிஃபிட்டிங்' என்று தொடர்வினையாக எழுதுவதில்லை. அன்றாடப் பேச்சில் அது விறைப்பாக ஒலிக்கும் என்பதால், மாணவிக்கு இப்போது 'சூட்' என்பதையே பழக்குங்கள். பரிசளிப்பு விழாவுக்கு உரை எழுதும் வயதில் மற்றது தேவைப்படும்.