வெளிப்பெட்டியில் எழுவது புகையில்லை, தங்கச்சி

களுவாஞ்சிக்குடியிலிருந்து கலியாணமாகி நோர்வே போய், முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தங்கச்சி கேட்டிருக்கிறீர்கள்: வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் வெளிப்பெட்டி இடையிடையே புகை விடுகிறது, அந்நேரம் உள்ளே சூட்டுக்காற்றும் நின்றுவிடுகிறது, 9 வருடப் பழைய பெட்டி, முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். விடுமுறையில் கல்லடியில் நிற்கிறேன். தம்பி வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி கடற்காற்றின் உப்பில் துருவேறிக் கிடக்கிறது. உங்களிடம் இருப்பதும் அதே இயந்திரம்தான். இங்கே வீட்டுச் சூட்டை வெளியே தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டை உள்ளே இழுக்கிறது. அப்படி இழுக்கும்போது காற்றின் ஈரம் வெளிப்பெட்டியின் தகடுகளில் உறைந்து காற்றோட்டத்தை அடைக்கும். அந்த ஐஸை உருக்க இயந்திரம் சில நிமிடங்கள் தானாகவே திசைமாறி ஓடும். நீங்கள் பார்ப்பது அப்போது எழும் நீராவி. பத்து நிமிடமளவில் தகடு தெளிந்து மீண்டும் சூடு வந்தால் அது பழுதே இல்லை. உருகாமல் கட்டியாகவே நின்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். கத்தியால் ஐஸைக் கொத்தவே வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்தால் சூட்டைச் சுமந்து சுற்றும் காஸ் போய்விடும்.

உள்பெட்டியின் ஃபில்டரை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். நாங்கள் மீன் பொரிக்கிறவர்கள், தாளிக்கிறவர்கள். அந்த எண்ணெய்ப் புகையில் தூசி பிசினாக ஒட்டும். சூடு குறைகிறது என்று என்னிடம் சொன்ன பலருடைய வீட்டில் குற்றவாளி இந்த ஃபில்டர்தான்.

என் முதல் வீட்டில் சூடு குறைந்தபோது ஒருவர் வந்து காஸ் நிரப்பிப் பணம் வாங்கிப் போனார். அடுத்த குளிர்காலமும் அதே கதை, அதே செலவு. மூன்றாவதாக வந்தவர்தான் குழாய்ப் பொருத்தில் கசிவைக் கண்டுபிடித்து இறுக்கினார். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இந்தக் காஸ் அடுப்புக் காஸைப்போல எரிந்து தீராது, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். குறைந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே நிரப்ப வருபவரிடம் முதலில் "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் மலிவாகச் செய்வார் என்று விடாதீர்கள். அதற்கு அத்தாட்சிப் பத்திரம் உள்ளவர்தான் கைவைக்க வேண்டும்.

நன்றாகப் பராமரித்தால் இவை 12 முதல் 15 வருடம் ஓடும். காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் செத்திருந்தால் மாற்றுவது நியாயம். அதைத் திருத்தும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். அப்படியென்றால் பழுது என்னவென்று எழுத்தில் வாங்கி, இன்னொருவரிடமும் காட்டுங்கள். ஹீட் பம்ப் மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் சூடு தருகிறது. கடுங்குளிரில் அது குறைந்தாலும், சாதாரண மின்சார ஹீட்டர் தருவது ஒன்றுக்கு ஒன்றுதான். சீக்கிரம் சூடாகட்டும் என்று 30இல் வைக்காமல் 21இல் விட்டுவிடுங்கள்.

ஒரு கிழமைக்கு, பெட்டி எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் சூடு திரும்புகிறது என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். பொங்கல் முடிந்ததும் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிடுவேன், வந்து பார்க்கிறேன்.