முதலில் ஆணியைப் பாருங்கள்: சிலேட்டுக் கூரை கேள்வி பதில்

சிலேட்டு (மெல்லிய தகடாகப் பிளக்கும் கல்) வேய்ந்த பிரிட்டனின் பழைய தேவாலயக் கூரைகளைப் பழுதுபார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: வேல்ஸில் எங்கள் சபைக்கு விக்டோரியா காலத்துக் கோயில். காற்றடித்தால் நாலைந்து சிலேட்டு சரிந்து விழுகிறது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் ஒப்பந்தக்காரர்.

பதில்: விழுந்த கல்லை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் கல் நன்றாக இருக்கிறது; மொத்தென்றால் கழியுங்கள். நல்ல வேல்ஸ் கல் நூறு ஆண்டை எளிதாகத் தாண்டும். பெரும்பாலும் துருப்பிடித்து அறுவது அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிதான். கழற்றித் தரம் பிரித்து, செம்பு ஆணியால் மறுபடி பொருத்தலாம். பழைய கற்களை ஒரு சரிவிலும், புதியவற்றைக் கண்ணில் படாத சரிவிலும் போடுவது வழக்கம்.

கழற்றுமுன் ஒவ்வொரு வரிசையையும் அளந்து படமெடுங்கள். பல பழைய கூரைகளில் இறவாரத்தில் பெரிய கல், முகட்டை நெருங்க நெருங்கச் சிறிய கல். அளவு தொலைந்தால் அந்த அழகும் தொலையும். ஒவ்வொரு கல்லும் தனக்கு இரண்டு வரிசை கீழே உள்ள கல்லின் தலையையும் மூட வேண்டும். சரிவு குறையக் குறைய அந்த மூடல் கூட வேண்டும். ஆணியை இறுக்கி அறையாதீர்கள். கல் தொங்க வேண்டும். பசையும் நுரையும் பக்கத்தில் வரக்கூடாது.

கேள்வி: உள்ளிருந்து நுரை தெளித்தால் கல் நகராதாமே?

பதில்: நகராது, மறுபடி பயன்படவும் செய்யாது. கல்லைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் உளுத்தாலும் வெளியே தெரியாது. வேண்டாம்.

கேள்வி: சரிந்த கல்லைச் சிலிக்கான் பசையால் ஒட்டலாமா?

பதில்: மேலே இரண்டு பதிலையும் படியுங்கள்.

கேள்வி: சிமெண்ட் பூசினால்?

பதில்: பசைக்குப் பதில் சிமெண்ட்டா? அதுவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்பெயின் கல் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: உலகில் கூரைச் சிலேட்டு அதிகம் வெட்டுவது ஸ்பெயின்தான். நல்ல கல்லும் உண்டு. ஆனால் சிலவற்றில் பைரைட் என்ற இரும்புத் தாது கலந்திருக்கும். மழை பட்டால் துரு வழிந்து கூரையில் கோடு விழும். கூரைச் சிலேட்டுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12326 சோதனை அறிக்கையில் டி1 (வெப்பச் சுழற்சிச் சோதனை), எஸ்1 (கந்தக டை ஆக்சைடு சோதனை) தரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (அதே வாசகர்): பிரான்ஸே வாங்குகிறது. உங்களுக்கு வேல்ஸ் மீது பாசம்!

பதில்: பாசம் உண்டு, மறுக்கவில்லை. புது வீட்டுக்கு நானே ஸ்பெயின் கல்லைச் சொல்வேன். ஆனால் வேல்ஸின் பென்ரின் குவாரிக் கல்லால் ஆன, ஊதா சாயல் கொண்ட கூரையில் நடுவே கருஞ்சாம்பல் ஸ்பெயின் கல் வைத்தால் ஒட்டுப்போட்டது தெருவிலிருந்தே தெரியும். என் வாதம் அவ்வளவுதான்.

கேள்வி (வேறொருவர்): 2021-இல் யுனெஸ்கோவே வேல்ஸ் சிலேட்டை அங்கீகரித்துவிட்டதே, இதற்குமேல் என்ன வாதம்?

பதில்: நீங்கள் எனக்குத் துணைக்கு வந்தாலும் சொல்கிறேன்: அங்கீகாரம் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்புக்கு. அங்கிருந்து வரும் ஒவ்வொரு கல்லுக்கும் அது தரச்சான்றிதழ் ஆகாது. தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கூரைக்குள் வௌவால்கள் இருக்கின்றன. விரட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: கை வைக்காதீர்கள். பிரிட்டனில் எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாரம் கட்டுமுன் வல்லுநரை அழைத்து ஆய்வு செய்யுங்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் கோயிலின் மெட்ராஸ் தளம் ஒழுகுகிறது.

பதில்: அது செங்கல், சுண்ணாம்பு வேலை, என் துறை அல்ல. சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.