கை சூடாக இருந்ததே, அப்புறம் எப்படி?

உறுப்பு தானம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்திருக்கிறேன். பல வருடம் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக, அதாவது ஐ.சி.யூ. வாசலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற ஆளாக வேலை பார்த்தவள் நான். அங்கே பார்த்ததையும் சட்டம் சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அக்கா மகன், 24 வயது. பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டது. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொல்லி உறுப்பு தானம் கேட்டார்கள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது, கை சூடாக இருந்தது, மானிட்டரில் துடிப்பு ஓடியது. கோமாவில் இருக்கும் பிள்ளையை அறுக்கக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டோம். அடுத்த நாள் இதயமும் நின்றுவிட்டது. 'அவசரப்பட்டுக் கேட்டாங்களோ, விட்டிருந்தா பிழைச்சிருப்பானோ' என்று அக்கா இன்னமும் அழுகிறாள். நாங்கள் செய்தது சரியா மேடம்?
– வாசகர், விருத்தாசலம்

முதலில் அக்காவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மூளைச்சாவு உறுதியான பிறகு நீங்கள் சரி என்றிருந்தாலும் வேண்டாம் என்றிருந்தாலும் அந்தப் பிள்ளை திரும்பி வந்திருக்க மாட்டான். உங்கள் பதிலால் அவன் போகவில்லை. மறுப்பது குடும்பத்தின் உரிமை, அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது.

கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது, ரத்தம் போகிறது, பலருக்கு மூச்சு தானாகவே வரும், சிலர் கண் விழித்து எழுந்தும் வருகிறார்கள். மூளைச்சாவில் தலைக்குள் வீக்கம் ஏறி ஏறி, ரத்தம் உள்ளே போகவே வழியில்லாமல், மூச்சை இயக்குகிற மூளைத்தண்டு உட்பட எல்லாம் செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டர் தள்ளுகிற காற்றால்தான். இதயம் மட்டும் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆக்சிஜன் கிடைக்கிறவரை ஓடும், ரத்தம் ஓடுகிறவரை கையும் சூடாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது சில மணி நேரம், இல்லையென்றால் சில நாள். சில சமயம் விரலோ காலோ லேசாக அசையும், அது மூளையிலிருந்து வருவதல்ல, தண்டுவடத்திலிருந்து வருவது. 'அசைஞ்சிட்டான்' என்று கூடியிருந்த சொந்தம் எல்லாம் ஐ.சி.யூ.வுக்குள் ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களிடம் இல்லை என்று சொல்வதைப் போலக் கஷ்டமான வேலை வேறெதுவும் எனக்கு இருந்ததில்லை.

அவசரப்பட்டார்களா என்ற சந்தேகம் நியாயமானது, அதனால்தான் சட்டத்திலேயே தடுப்பு வைத்திருக்கிறார்கள். 1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பை எடுத்துப் பொருத்துகிற அணியில் இருக்கும் யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது, எல்லாச் சோதனையையும் ஒருமுறை செய்து முடித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தூக்க மருந்தின் பாதிப்பு இருக்கிறதா, உடல் ரொம்பக் குளிர்ந்துபோயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கவே செய்வார்கள். கண்ணில் டார்ச் அடிப்பார்கள், பஞ்சால் கருவிழியைத் தொடுவார்கள், காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டு விழி நகர்கிறதா என்று பார்ப்பார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கடைசியில்தான் மூச்சுச் சோதனை. ஒரு அப்பா அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டார், டாக்டரும் சம்மதித்தார். போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டு, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் போகவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு ஏற ஏற, மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் உடம்பு ஒரு மூச்சாவது இழுத்துவிடும். எட்டு நிமிடத்துக்கும் மேல் எல்லோரும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அப்பாவும் தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் என்பது அவர் கடைசியில் பெருமூச்சு விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் என்னிடம் எந்த விளக்கமும் கேட்கவில்லை. இந்தச் சோதனைகளை உங்கள் குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் ஃபாரத்தை நீட்டியிருந்தால் அது எங்கள் தரப்பின் குறை. உங்கள் அக்காவுக்கு இப்போதும் மனம் ஆறவில்லை என்றால் கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்கலாம், எந்த நேரத்தில் எந்தச் சோதனை நடந்தது என்பது அதில் இருக்கும்.

இப்படி மறுக்கிற பலருக்கும் உள்ளே இருக்கும் இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், உடலைச் சிதைத்துவிடுவார்களோ என்பது. உறுப்பு எடுப்பது தியேட்டரில் நடக்கிற முழு ஆபரேஷன், முடிந்ததும் தையல் போட்டுத்தான் உடலைத் தருவார்கள், முகம் அப்படியே இருக்கும். விபத்து என்றால் எப்படியும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. சம்மதம் தந்த பிறகு ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். கிராமத்துக் காட்டுக்குப் போலீஸ் அணி வந்து நிற்பதைப் பார்த்து, வேண்டாம் என்று சண்டை போட்ட சித்தப்பா பெரியப்பாக்கள்கூட அமைதியாகிவிடுகிறார்கள்.

ஆதார் மூலம் ஆன்லைனில் பதிவு செய்து உறுப்பு தானக் கார்டு வாங்கிவிட்டேன். வீட்டில் சொன்னால் அம்மா பயப்படுவார். கார்டு இருந்தால் போதும்தானே?
– கல்லூரி மாணவர், கோவை

போதாது தம்பி. நீங்கள் போய்விட்ட அந்த நேரத்தில் கார்டைத் தேடுபவர் யாருமில்லை, உங்கள் அம்மாவைத்தான் தேடி வந்து கேட்பார்கள். அவர் வேண்டாம் என்றால், உங்கள் கார்டைக் காட்டி அவரோடு மல்லுக்கட்டி உறுப்பை எடுக்கிற மருத்துவமனையை நான் பார்த்ததில்லை. அதனால் பயப்பட்டாலும் சொல்லுங்கள், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னாலே போதும். 'அவன் ஒருநாள் சொன்னான்' என்ற ஒரு நினைவுதான் ஐ.சி.யூ. வாசலில் ஒரு தாய்க்குப் பிடித்துக்கொள்ளக் கிடைக்கிற ஒரே கை. சொன்னது தெரியாத வீட்டில், யார் முடிவெடுப்பது என்றே மணிக்கணக்கில் போய்விடும்.

இன்னொன்று. வீட்டிலேயே இயற்கையாக இறந்தால் இதயம், கிட்னி எல்லாம் கொடுக்க முடியாது, கண்ணைக் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், உடனே கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். மருத்துவக் கல்லூரிக்கு உடலையே கொடுப்பது தனி விஷயம், அதற்குப் பதிவும் தனி.

கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் ரத்த வகை சேர்கிறது என்று தெரிந்ததிலிருந்து மாமியார் வீட்டில் நான் கொடுப்பதாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கு ஒரு அண்ணனும் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். கணவர் மேல் பாசம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வாய் திறந்து சொல்ல முடியவில்லை.
– பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. பாசமும் பயமும் சேர்ந்தே இருக்கலாம், அதில் தப்பேதும் இல்லை.

முதலில் பயத்தைப் பார்ப்போம். கொடுப்பவரை மருத்துவமனை சும்மா எடுத்துவிடாது. பிரஷர், சுகர், சிறுநீரில் புரதம், இரண்டு கிட்னியும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன, அவற்றுக்குப் போகிற ரத்தக்குழாய் எப்படி என்று பல நாள் சோதனை நடக்கும், ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில்தான் எடுக்கிறார்கள், நான்கைந்து நாளில் வீட்டுக்கு வரலாம், ஒன்றரை மாதம் குடம் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது கூடாது. ஆபரேஷனில் கொடுப்பவர் உயிருக்கு ஆபத்து மிகவும் குறைவு, பத்தாயிரத்தில் மூன்று என்பார்கள். ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமிருக்கிற கிட்னி கொஞ்சம் பெரிதாகி வேலையை ஏற்றுக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை பிரஷரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தச் சோதனையும் பார்க்க வேண்டும், உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், கிட்னி கொடுத்தபின் கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

அடுத்தது சம்மதம். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி இவர்கள் எல்லோரும் சட்டப்படி நெருங்கிய உறவு, யாரும் கொடுக்கலாம். ரத்த வகை தாண்டி திசுப் பொருத்தம் என்று ஒன்று உண்டு, உடன்பிறந்தவர்களுக்கு அது முழுதாகச் சேர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வகையில் பார்த்தால் அண்ணனைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும், ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது தெரிந்துதான், கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும், அவருடைய சொந்த விருப்பத்தை உறுப்பைப் பெறுகிறவர் அல்லாத இன்னொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2014 விதிகளில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளரிடமோ டாக்டரிடமோ, 'நான் தனியா பேசணும்' என்று மட்டும் சொல்லுங்கள். மாமியாரை வெளியே உட்கார வைப்பது அவர்கள் பொறுப்பு. மனமில்லை என்றால் அங்கே சொல்லிவிடுங்கள், வீட்டாரிடம் 'மருத்துவ ரீதியா இவங்க பொருத்தமில்லை' என்று மட்டும் சொல்லுவோம், காரணத்தை வெளியே விட மாட்டோம், நானே பல பெண்களுக்காக அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதை நினைத்து ஒருநாளும் வருந்தியதில்லை. தியேட்டருக்குப் போகும் காலையில் மனம் மாறினாலும் நிறுத்தலாம். கொடுப்பது என்றே முடிவெடுத்தால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். எந்த முடிவானாலும், இறந்தவரிடமிருந்து கிட்னி பெறும் பட்டியலில் கணவர் பெயரை இப்போதே பதியச் சொல்லுங்கள், பலர் உறவுக்காரரை நம்பி அதைச் செய்யாமல் இரண்டு வருடத்தை இழந்துவிடுகிறார்கள்.

அப்பா மூன்று வருடமாகக் கிட்னி பட்டியலில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் பதிந்தவருக்குக் கிடைத்துவிட்டது. பணம் கொடுத்தால் முன்னே நகர்த்தலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்யுங்கள். உறுப்பை விற்றாலும் வாங்கினாலும் இடையில் நின்றாலும் ஐந்து முதல் பத்து வருடம் சிறை, அபராதம் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடிவரை. பணமும் போகும், அப்பாவும் கேஸில் மாட்டுவார்.

பின்னால் பதிந்தவருக்கு முதலில் கிடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்த வகை. பட்டியல் ஒன்றே ஒன்று நீளமாக நிற்பதில்லை, ரத்த வகைக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கிறது. உறுப்பு எந்த மருத்துவமனையில் கிடைத்தது, எந்த மண்டலம் என்பதும் சேரும். இதற்காகவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இருக்கிறது, வரிசை அங்கேதான் முடிவாகிறது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள், போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் இதயம் போனது, அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் குடும்பங்கள் கொடுக்க முன்வந்தது கூடியது. அப்படி வந்த நம்பிக்கையைத்தான் இந்த புரோக்கர்கள் கெடுக்கிறார்கள், எனக்கு இதில் கோபம் அதிகம்.

அழைப்பு எந்த ராத்திரியிலும் வரும், அப்பாவின் போனை சைலன்ட்டில் போடாதீர்கள், வீட்டில் இன்னும் இரண்டு நம்பரைப் பதிந்து வையுங்கள். கூப்பிட்டதும் எதுவும் சாப்பிடாமல் கிளம்ப வேண்டும். ஒரு கிட்னிக்கு இரண்டு மூன்று பேரைக்கூடக் கூப்பிடுவார்கள், ரத்தத்தைக் கலந்து பார்க்கும் சோதனையில் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் பெயர் பட்டியலை விட்டுப் போவதில்லை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள்.

கிட்னி மாற்றி எட்டு மாதம் ஆகிறது. ஊரில் பம்ப்ளிமாஸ் பழம் நிறையக் கிடைக்கிறது, சாப்பிடலாமா? மாத்திரை ஒருவேளை விட்டுப்போனால்?
– வாசகி, சேலம்

பம்ப்ளிமாஸ் வேண்டவே வேண்டாம். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் காக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். நாட்டு மருந்து, லேகியம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஒருவேளை விட்டுப்போனால் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள், மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளிக்குப் போனில் இரண்டு அலாரம் வையுங்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையைக் குறைத்து, நல்ல கிட்னியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரத்தத்தில் மருந்தளவு பார்க்கப் போகும் நாளில் மட்டும் காலை மாத்திரையை முன்னாடியே போட்டுவிடாதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். பையில் எடுத்துப் போங்கள், ரத்தம் கொடுத்தவுடன் லேப் வாசலிலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து போட்டுக்கொள்ளலாம்.