தொடாமலே நகரும் ஸ்டிக்: கன்ட்ரோலர் கேள்வி-பதில்

கேள்வி: கையை எடுத்த பிறகும் வீடியோ கேமில் கேமரா இடப்பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. கன்ட்ரோலரை ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை. ஏன் இப்படி?

பதில்: இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். பத்திரமாக வைத்திருந்தாலும் வரும். உங்கள் மேல் தவறில்லை.

கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கின் அடியில் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் (மின்தடையை மாற்றும் பாகங்கள்) இருக்கும். ஒன்று இட-வல அசைவுக்கு, இன்னொன்று மேல்-கீழ் அசைவுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் லாடம் போல வளைந்த ஒரு கார்பன் தடம். அதன்மேல் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உரசிக்கொண்டே நகரும். தகடு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். ஸ்டிக் எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கன்ட்ரோலர் கணிக்கிறது.

தேய்ந்துபோன மாட்யூல் (ஸ்டிக்கும் இந்தப் பாகங்களும் சேர்ந்த சிறு பெட்டி) ஒன்றின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். மங்கிய கறுப்புத் தடத்தின் நடுவில் மட்டும் ஒரு கோடு பளபளக்கும். ஓரத்தில் கரித்தூள் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி வருவது நடுவுக்குத்தானே? தேய்மானமும் அங்கேதான் அதிகம்.

கேள்வி: ஆல்கஹால் விட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கன்ட்ரோலரைக் கணினியில் இணைத்து, ஸ்டிக்கின் எண்களைக் காட்டும் சோதனைத் திரையைத் திறங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். முழு அசைவு 1 என்றால், விட்ட பிறகு 0.02, 0.03 என்று நிற்பது சகஜம்.

தொடாதபோதே எண் துள்ளிக்கொண்டிருந்தால் தூசியோ தேய்ந்த தடமோதான் காரணம். துள்ளாமல், தள்ளிய பக்கத்தைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் நின்றால் நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதற்கு ஆல்கஹால் உதவாது. எப்போதும் ஒரே இடத்தில் நடுவிலிருந்து விலகி அசையாமல் நின்றால், கேலிபரேஷன் (நடுப்புள்ளியை மறுபடி அமைப்பது) செய்து பாருங்கள்.

தூசி என்று தோன்றினால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஓரிரு சொட்டு விடுங்கள். ஸ்டிக்கை நன்றாகச் சுற்றுங்கள். முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அது உள்ளே தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசி போனால் டிரிஃப்டும் போகும். தேய்ந்த கார்பன் மட்டும் திரும்ப வளராது. அப்படியானால் சில நாளில் பழைய கதைதான்.

கேள்வி: டெட்ஸோனைக் கூட்டி வைத்தால் போதாதா?

பதில்: டெட்ஸோன் என்பது நடுவைச் சுற்றி அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி. சின்ன டிரிஃப்டுக்குப் போதும். ஆனால் கூட்டக் கூட்ட, குறி பார்க்கும்போது தேவைப்படும் நுண்ணிய அசைவுகள் பதிவாகாது. டிரிஃப்ட் மறையும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வாங்கினால் டிரிஃப்டே வராதா?

பதில்: உரசல் தேய்மானத்தால் வரும் டிரிஃப்ட் வராது. உள்ளே காந்தம் நகரும். சென்சார் அதைத் தொடாமலே காந்தப்புலத்தை அளக்கும். இது புதுச் சரக்கும் அல்ல. சேகா சாட்டர்ன் என்ற கேம் கன்சோலுக்கு 1996இல் வந்த 3டி கன்ட்ரோல் பேடிலேயே இருந்தது, அப்புறம் சேகாவின் டிரீம்காஸ்டிலும் வந்தது. அப்படியிருந்தும் 2025இல் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2இன் ஜாய்-கான் கன்ட்ரோலரில் ஹால் எஃபெக்ட் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

இப்போது டிஎம்ஆர் என்ற சென்சாரும் கிடைக்கிறது. அதுவும் காந்த முறைதான், மின்சாரம் குறைவாக எடுக்கும். ஆனால் எந்த வகையானாலும் ஸ்பிரிங் இருக்கிறது, அது தளரும். சாகாவரம் பெற்ற ஸ்டிக் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: மாட்யூலை நானே மாற்ற முடியுமா? சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) கொஞ்சம் தெரியும்.

பதில்: கொஞ்சம் தெரிந்தால் முதலில் பழைய, பயன்படாத போர்டு ஒன்றில் பழகுங்கள். வழக்கமான மாட்யூலில் போர்டோடு பற்றவைக்கும் 14 கால்கள்: பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று மூன்றாக ஆறு, அழுத்தும் பட்டனுக்கு நான்கு, சட்டத்துக்கு நான்கு. கஷ்டம் புதியதைப் பற்றவைப்பதில் இல்லை, பழையதைக் கழற்றுவதில். எல்லாக் காலிலும் ஈயம் உருகி வெளியேறும் முன் இழுத்தால் துளையைச் சுற்றியுள்ள செம்பு பெயர்ந்து வந்துவிடும். பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால் எளிதாக உருகும். மாற்றிய பிறகு கேலிபரேஷன் கட்டாயம். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம்.

சால்டரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு பிளேஸ்டேஷன் 5க்கான டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் ஸ்டிக் மாட்யூலை அப்படியே கழற்றி மாட்டலாம்.

கேள்வி: பழைய நின்டெண்டோ 64 கன்சோலின் ஸ்டிக் தொளதொளவென்று ஆடுகிறது. இதுவும் டிரிஃப்டா?

பதில்: இல்லை. அதில் கார்பன் தடமே கிடையாது. துளையிட்ட சக்கரங்கள் சுழல, வழியே போகும் ஒளியை எண்ணும் முறை. தேய்வது ஸ்டிக்கின் அடியிலுள்ள பிளாஸ்டிக் கிண்ணமும் பற்சக்கரமும்தான். திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி கொட்டும். கிண்ணத்தையும் பற்சக்கரத்தையும் மாற்றினால் பழைய இறுக்கம் வந்துவிடும்.